மூன்று பவுண்டு பதினேழு ஷில்லிங் ஆறு பென்ஸ்

2022 ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை காலை, பீட்ஸா விளம்பரத் தாள்களுக்கு நடுவே அந்தக் கடிதம் கிடந்தது. நாங்கள் பெயரே கேள்விப்பட்டிராத ஒரு நிறுவனம். மேலே எங்கள் முகவரி. நடுவில் ஒரு கட்டம்: ஆறு வருட நிலுவை 139 பவுண்டு 50 பென்ஸ், நிர்வாகக் கட்டணம் 84 பவுண்டு, ஆக மொத்தம் 223 பவுண்டு 50 பென்ஸ். எதற்கு என்று பார்த்தால் 'ரெண்ட்சார்ஜ்' என்று இருந்தது.

மோசடி என்றுதான் நினைத்தேன். மான்செஸ்டரின் லெவன்ஷூமில் 2019இல் நாங்கள் வாங்கியது ஃப்ரீஹோல்ட் வீடு. மண்ணும் நமது, சுவரும் நமது, கூரையும் நமது. அந்த ஒரு வார்த்தைக்காகவே இரண்டு நல்ல ஃப்ளாட்டுகளை வேண்டாம் என்று விட்டிருந்தோம். பிறகு எவனுக்கு எதற்கு வாடகை?

அன்று மாலை அப்பாவிடம் போனில் சொன்னேன். அவர் கேட்டது இரண்டே கேள்வி.

"கிரயம் முடிஞ்ச வீட்டுக்கு எவன்டா வாடகை கேக்கிறது? வில்லங்கம் பாக்காமயா வாங்கின?"

பார்த்திருந்தேன். அதாவது, பார்த்ததாக எண்ணிக்கொண்டிருந்தேன். அன்று இரவு பழைய மின்னஞ்சல்களைத் தோண்டி லேண்ட் ரெஜிஸ்ட்ரி நகலைத் திறந்தபோது, சுமைகளைச் சொல்லும் மூன்றாவது பகுதியின் முதல் வரியாகவே அது உட்கார்ந்திருந்தது. இந்த நிலமும் வேறு நிலங்களும் ஆண்டுக்கு 23 பவுண்டு 5 ஷில்லிங் நிரந்தர ரெண்ட்சார்ஜுக்கு உட்பட்டவை, 1903ஆம் ஆண்டுப் பத்திரத்தின்படி. வாங்கும்போது பத்திர வேலைகளைப் பார்த்த எங்கள் வக்கீல், இங்கே சொலிசிட்டர் என்பார்கள், அவரும் ஒரு வரி எழுதியிருந்தார். பெயரளவிலான தொகை, இதுவரை யாரும் கேட்டதில்லை என்று விற்பவர் சொல்கிறார், அவ்வளவுதான். நானும் அதைத் தாண்டி, கொதிகலன் எத்தனை வருடப் பழசு என்ற பக்கத்துக்குப் போய்விட்டேன்.

அப்பா சொன்ன சொல்தான் இதற்குச் சரியான சொல். இது குத்தகையும் அல்ல, அடமானமும் அல்ல. வில்லங்கம். நிலம் முழுக்க முழுக்க உங்களுடையது. ஆனால் அதன் மேல் வேறொருவருக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை வாங்கும் பாத்தியதை ஏறி உட்கார்ந்திருக்கிறது. அவருக்கு உங்கள் வீடு என்றைக்கும் திரும்பி வராது, அவர் உங்கள் வீட்டுக்காரரும் அல்ல. காசு வாங்கும் உரிமை ஒன்றைத் தவிர அவருக்கு அங்கே ஒரு செங்கல்கூடச் சொந்தமில்லை. வீடு கைமாறினால் இதுவும் கூடவே கைமாறும். வாங்கும் பக்கமும் அப்படித்தான், அந்த உரிமையை ஒருவர் இன்னொருவருக்கு விற்கலாம், உயில் எழுதலாம். எங்களுக்குக் கடிதம் போட்ட நிறுவனம் அப்படி எங்கோ மொத்தமாக வாங்கிப் போட்டதுதான்.

இந்த ஊர்க்காரர்கள் அதை ரெண்ட்சார்ஜ் என்று சொல்வதில்லை. சீஃப் ரென்ட் என்பார்கள். இங்கிலாந்தின் பெரும்பகுதியில் இந்தப் பேச்சே கிடையாது. மான்செஸ்டரும் லங்காஷயரும் ஒரு பக்கம், பிரிஸ்டலும் பாத்தும் இன்னொரு பக்கம் என்று சில இடங்களில்தான் இது அடர்த்தியாக மண்டிக் கிடக்கிறது. பருத்தி ஆலைகள் எழும்பிய காலத்தில் மான்செஸ்டரைச் சுற்றி நிலம் வைத்திருந்த பெரிய குடும்பங்களுக்கு ரொக்கத்தைவிட வருமானம் பிடித்திருந்தது. கட்டடக்காரருக்கோ கையில் முதல் இல்லை. ஆகவே நிலத்துக்கு விலை என்று பெரிதாக எதுவும் வாங்காமல், 'வருடா வருடம் இவ்வளவு கொடு, நிலம் உனக்கே' என்று எழுதிக் கொடுத்தார்கள். கட்டடக்காரர் வீடு கட்டி, ஒவ்வொன்றின் மேலும் தன் பங்குக்கு ஒரு தொகையைச் சேர்த்து வைத்து விற்பார். அப்படி உருவான வாடகை உரிமையைத் தனியே விற்றுவிட்டு, அந்தப் பணத்தில் அடுத்த தெருவைக் கட்டப் போவார். வாங்கியவர்களுக்கு அது தங்கம்போல ஒரு முதலீடு. ஆள் ஓடினாலும் நிலம் ஓடாதே. எங்கள் தெருவின் சிவப்புச் செங்கல் வரிசை முழுக்க இப்படி எழும்பியதுதான். இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் அந்த வேகத்தில் இந்த நகரம் வளர்ந்திருக்காது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

1903 பத்திரத்தின் நகலைப் பிறகு வாங்கிப் படித்தேன். இந்த மனையில் சோப்பு காய்ச்சக் கூடாது, கொழுப்பு உருக்கி மெழுகுவர்த்தி செய்யக் கூடாது, மாடு அறுக்கக் கூடாது, பீர் விற்கக் கூடாது. நான்கையும் இதுவரை மீறவில்லை.

'ரெண்ட்சார்ஜ்' என்ற பெயர் வந்த கதை சுவையானது. 1290இல் முதலாம் எட்வர்ட் காலத்தில் க்வியா எம்ப்டோரஸ் என்றொரு சட்டம் வந்தது. அதுவரை நிலத்தை விற்றவர், வாங்கியவருக்கு மேலே ஒரு பிரபுவாக நீடிக்கலாம், வாடகையும் வாங்கலாம். அந்தச் சட்டம் அதைத் தடுத்தது. விற்றால் விற்றதுதான், நடுவிலிருந்து விலகிக்கொள் என்றது. அதற்குப் பிறகு முழு உரிமையோடு விற்ற நிலத்தில் வாடகை வேண்டுமானால் பத்திரத்தில் தனியாக எழுதி வாங்க வேண்டும். கொடுக்காவிட்டால் நிலத்தில் புகுந்து மாடு, கன்று, தட்டுமுட்டுச் சாமான்களை ஜப்தி செய்யலாம் என்ற ஷரத்தோடு எழுதினால் அது ரெண்ட்சார்ஜ். அதாவது நிலத்தின் மேல் ஜப்தி 'சார்ஜ்' செய்யப்பட்டிருக்கிறது. அந்த ஷரத்து இல்லாமல் எழுதினால் அதற்கு ரென்ட் செக் என்று பெயர். வறட்டு வாடகை என்று பொருள். காசு உண்டு, பல் இல்லை. ஆக, ரெண்ட்சார்ஜ் என்ற பெயர் பிறந்ததே பல்லிலிருந்துதான், காசிலிருந்து அல்ல. இதை அந்த ஏப்ரல் மாதத்தில் நான் புரிந்துகொள்ளவில்லை. 23 பவுண்டையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதிலும் ஒரு சிக்கல். 23 பவுண்டு 5 ஷில்லிங் எங்கள் ஒரு வீட்டுக்கு அல்ல, எங்கள் வரிசையில் உள்ள ஆறு வீடுகளுக்கும் சேர்த்து. ஆறால் வகுத்தால் வீட்டுக்கு 3 பவுண்டு 17 ஷில்லிங் 6 பென்ஸ், இன்றைய கணக்கில் 3 பவுண்டு 88 பென்ஸை ஒட்டி. ஆனால் இந்தப் பங்கு, ஆறு வீட்டுக்காரர்களும் தங்களுக்குள் செய்துகொண்ட பங்கு. வாடகை வாங்குபவரை அது கட்டுப்படுத்தாது. அவர் ஆறில் எந்த வீட்டுக் கதவைத் தட்டியும் முழுத் தொகையையும் கேட்கலாம். கொடுத்தவர் மற்ற ஐந்து பேரிடம் போய் வசூலித்துக்கொள்ள வேண்டியதுதான். அந்த ஏப்ரலில் அவர்கள் தட்டியது எங்கள் கதவை.

எப்போதும் எங்கள் கதவாகவா இருந்தது? இல்லை. வரிசையின் முதல் வீட்டில் ஒரு மூதாட்டி இருந்திருக்கிறார். அவர் வீட்டுப் பத்திரத்தில்தான் வசூல் பொறுப்பு எழுதப்பட்டிருந்தது. பல வருடங்கள் மார்ச் 25க்கும் செப்டம்பர் 29க்கும் முன்னால் ஒரு பள்ளிக்கூட நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கதவு கதவாகப் போய்ச் சில்லறை வாங்கி, மொத்தமாகக் காசோலை அனுப்புவாராம். அந்த இரண்டு தேதிகளும் இங்கே பழைய தவணை நாட்கள், லேடி டேயும் மைக்கேல்மஸும். 2016இல் அவர் இறந்துவிட்டார். வீட்டை வாங்கிய இளம் தம்பதிக்கு யாரும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. ஆறு வருடம் அப்படியே ஓடியிருக்கிறது.

இதை எனக்குச் சொன்னவர் நான்காம் வீட்டுப் பாட்டி. கடிதத்தைக் காட்டியதும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துவிட்டு, "சீஃப் ரென்ட், லவ். நம்ம முதல் வீட்டம்மா போனதிலிருந்து யாரும் வரலியேன்னு நினைச்சேன்" என்றார். உள்ளே போய்ப் பணப்பையை எடுத்து வந்தார். எவ்வளவு என்று கேட்டார். ஆறு வருடத்துக்கு ஒரு வீட்டின் பங்கு 23 பவுண்டு 25 பென்ஸ் என்றேன். அதாவது ஆறு வீட்டின் ஒரு வருடத் தொகையும் அதுவேதான். ஆறும் ஆறும் அடித்துக்கொண்டு போகும் அந்தக் கணக்கை அவருக்கு விளக்கப் போய், நானே இரண்டு தடவை குழம்பினேன்.

சொலிசிட்டரைத் திங்கட்கிழமை அழைத்தேன். நிர்வாகக் கட்டணத்தைப் பற்றி வாதாடலாமா என்று கேட்கத்தான் அழைத்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி வேறு: "கடிதம் வந்து எத்தனை நாள் ஆகிறது? நிலுவை நாற்பது நாளைத் தாண்டிவிட்டதா?"

1925ஆம் ஆண்டுச் சொத்துச் சட்டத்தின் 121ஆம் பிரிவு. ரெண்ட்சார்ஜ் தவணை 40 நாள் பாக்கியிருந்தால், வாங்குபவர் முறைப்படிக் கேட்டிருந்தாலும் கேட்காவிட்டாலும், அவருக்கு இரண்டு வழிகள் திறக்கும். ஒன்று, நிலத்தைக் கைப்பற்றி, பாக்கியும் செலவும் தீரும்வரை அதன் வருமானத்தை எடுத்துக்கொள்வது. இரண்டாவதுதான் வேடிக்கை. உங்கள் வீட்டின் மேல் ஒரு லீஸை அவரே எழுதி, அவரே நியமிக்கும் ஒரு டிரஸ்டிக்குக் கொடுக்கலாம். உங்கள் கையெழுத்து தேவையில்லை. நீதிமன்றம் தேவையில்லை.

மூன்று பவுண்டுக்காக யார் அப்படிச் செய்வார்கள் என்று கேட்டேன். செய்திருக்கிறார்கள் என்றார். 2016இல் அப்பர் டிரிபியூனல் என்ற மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை போன வழக்கு ஒன்று இருக்கிறது. பழைய ரெண்ட்சார்ஜுகளை வாங்கி வைத்திருந்த ஒரு தரப்பு, சில பவுண்டு பாக்கிக்காகப் பல வீடுகளின் மேல் 99 வருட லீஸ் எழுதி, லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் பதியக் கேட்டது. தீர்ப்பு அவர்களுக்கே சாதகமாக வந்தது. சட்டம் அனுமதிக்கிறது, லீஸ் செல்லும், பதிய வேண்டும். இன்னும் கேளுங்கள்: பாக்கியை முழுவதும் கட்டிவிட்டாலும் லீஸ் தானாகப் போய்விடாது. அதை அவர்கள் ஒப்புக்கொண்டு திருப்பித் தந்தால்தான் உண்டு, அதற்கு என்ன விலை சொல்கிறார்களோ அதுதான் விலை. 99 வருடம் வேறொருவர் கையில் இருக்கும் ஃப்ரீஹோல்டை யார் வாங்குவார்? எந்த வங்கி கடன் கொடுக்கும்?

நிர்வாகக் கட்டணத்தைப் பற்றி அதற்குப் பிறகு நான் பேசவேயில்லை. அன்றைக்கே கட்டினேன். பிறகு ஐந்து வீட்டுக்கும் போனேன். நான்காம் வீட்டுப் பாட்டி சில்லறையாக எண்ணிக் கொடுத்தார். முதல் வீட்டுத் தம்பதி வெலவெலத்துப் போய் அங்கேயே போனில் அனுப்பினார்கள். ஐந்தாம் வீட்டுக்காரர் இது மோசடி என்றும் நான் ஏமாந்துவிட்டேன் என்றும் பத்து நிமிடம் அன்போடு விளக்கினார், 121ஆம் பிரிவை அச்செடுத்துக் கொண்டுபோய்க் காட்டியதும் மனைவியைக் கூப்பிட்டார். மூன்றாவது வீடு வாடகைக்கு விடப்பட்டது. அதன் உரிமையாளர் எங்கோ தெற்கே இருக்கிறார், ஏஜென்ட் மூலம்தான் பேச்சு. அந்தப் பங்கு வந்து சேர ஏழு மாதம் ஆனது. நாற்பது நாள் சட்டம் எனக்கும் இருந்தால் தேவலை என்று அப்போது தோன்றியது.

இது இப்படியே நீண்டுவிடக் கூடாது என்று அரசுக்கு எப்போதோ தோன்றியிருக்கிறது. 1975இல் லா கமிஷன் ஒரு அறிக்கை கொடுத்தது, 1977இல் ரெண்ட்சார்ஜ் சட்டம் வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 22 முதல் இந்த மாதிரி புதிதாக எதையும் உருவாக்க முடியாது, சில விதிவிலக்குகள் தவிர. பழையவை 60 வருடம் உயிரோடிருந்து 2037 ஜூலை 22 அன்று அழியும். எங்கள் பத்திரத்தின் 'நிரந்தர' என்ற சொல்லுக்கு ஆயுள் அதுவரைதான். காத்திருக்க மனமில்லாதவர் அரசுத் துறைக்கு விண்ணப்பித்து, ஒரு மொத்தத் தொகை கட்டி மீட்டுக்கொள்ளலாம். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. தொகையைச் சூத்திரம் போட்டுக் கணக்கிடுவார்கள். முன்பு அந்தச் சூத்திரம் கன்சோல்ஸ் என்ற பழைய அரசுக் கடன் பத்திரத்தின் வருவாயை ஒட்டி இருந்தது. அதுவும் முடிவே இல்லாதது என்று பெயர் வாங்கிய பத்திரம். 2015இல் அரசு அதைத் திருப்பிக் கட்டி மூடிவிட்டதால் சூத்திரத்தையே மாற்றி எழுத வேண்டியதாயிற்று.

சூத்திரம் எப்படியிருந்தாலும் ஒன்று மட்டும் தெளிவு. 2022இல் மிச்சம் 15 வருடம். எங்கள் பங்கை வருடம் தவறாமல் கட்டினால்கூட மொத்தம் 58 பவுண்டு சொச்சம், முன்கூட்டியே கட்டினால் அதைவிடக் குறைவு. அதாவது எங்கள் வீட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் அந்த உரிமையின் மொத்த ஆயுளும் சேர்ந்து, ஒரே ஒரு கடிதத்துக்கு அவர்கள் போட்ட 84 பவுண்டு நிர்வாகக் கட்டணத்துக்கு ஈடாகாது. வாடகை உரிமையை வாங்கிச் சேர்ப்பவர்கள் எதை வாங்குகிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

2024இல் லீஸ்ஹோல்ட், ஃப்ரீஹோல்ட் சீர்திருத்தச் சட்டம் வந்தது. அந்த ஜூலையிலிருந்து பழைய ரெண்ட்சார்ஜுகளுக்கு 121ஆம் பிரிவின் அந்த இரண்டு வழிகளும் மூடப்பட்டன. மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்த 2023 நவம்பர் 27க்குப் பிறகு எழுதப்பட்ட லீஸ் எதுவும் செல்லாது. இனி அதுவும் ஒரு சாதாரணக் கடன். சந்தோஷமாக அப்பாவிடம் சொன்னேன். "அப்ப பல்லைப் பிடுங்கிட்டான்" என்றார்.

முழுக்கப் பிடுங்கவில்லை. அலுவலகத்தில் என்னோடு வேலை பார்க்கும் ஒரு தம்பி அதே வருடம் வாரிங்டன் பக்கம் புத்தம் புதிய வீடு ஒன்றைப் பதிவு செய்தான். ஃப்ரீஹோல்ட், அண்ணா, ஆனால் ஏதோ எஸ்டேட் ரெண்ட்சார்ஜ் என்று போட்டிருக்கிறான் என்று பத்திர நகலைக் கொண்டுவந்தான். 1977இன் விதிவிலக்குகளில் முக்கியமானது இதுதான்.

அதற்கும் ஒரு காரணம் உண்டு, எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்விடக்கூடிய ஓல்டமில் பிறந்த காரணம். 1885இல் ஓல்டமின் ஒரு சாலையை யார் பராமரிப்பது என்று வழக்கு வந்தது. ஒரு நிலத்துக்காரர் 'இதைச் செய்கிறேன், அதைப் பழுது பார்க்கிறேன்' என்று வாக்குக் கொடுத்தால், அது அவரை மட்டுமே கட்டும், அவரிடமிருந்து நிலத்தை வாங்கியவரைக் கட்டாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1994இல் ஒரு வீட்டுக் கூரை ஒழுகிய வழக்கில், அன்று உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபையும் அதையே உறுதி செய்தது. அப்படியானால் புதுக் குடியிருப்பில் புல்வெளிக்கும் வடிகாலுக்கும் சிறுவர் பூங்காவுக்கும் அடுத்தடுத்து வரும் வீட்டுக்காரர்களிடம் காசு வாங்குவது எப்படி? ரெண்ட்சார்ஜ் நிலத்தோடு ஓடும் அல்லவா, அதைக் கொண்டு கட்டிவிட்டார்கள். கவுன்சில்கள் இந்தச் சாலைகளையும் பூங்காக்களையும் ஏற்றுக்கொள்வது குறையக் குறைய, விதிவிலக்கே வழக்கமாகிவிட்டது. போட்டியையும் சந்தைகளையும் கண்காணிக்கும் சிஎம்ஏ 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, பதினொரு பெரிய கட்டுமான நிறுவனங்கள் 2021-22இல் விற்ற புது வீடுகளில் 80 சதவீதம் இத்தகைய பராமரிப்புக் கட்டணத்துக்கு உட்பட்டவை. சராசரி ஆண்டுக்கு 350 பவுண்டு. இவை எல்லாமே ரெண்ட்சார்ஜாக எழுதப்பட்டவை அல்ல, ஆனால் பல அப்படித்தான்.

பழைய ரெண்ட்சார்ஜின் பல்லைப் பிடுங்கிய 2024 சட்டம், எஸ்டேட் ரெண்ட்சார்ஜில் 121ஆம் பிரிவைத் தொடவில்லை. 2037இல் எப்படியும் சாகப்போகும் கிழட்டு நாய்க்கு வாய்ப்பூட்டு, முடிவுத் தேதியே இல்லாத குட்டிக்கு ஒன்றும் இல்லை. எனக்கு இது புரியவே இல்லை. பூங்காவைப் பராமரிக்கக் காசு வேண்டும் என்பது நியாயம், அதற்காக 350 பவுண்டு பாக்கிக்கு வீட்டின் மேல் லீஸ் எழுதும் உரிமை எதற்கு? தம்பிக்குக் கடன் கொடுத்த வங்கியே பயந்து, 121ஆம் பிரிவைப் பயன்படுத்த மாட்டோம் என்று பத்திரத்தில் ஒரு திருத்தம் கேட்டது. அதை எழுதித் தர எதிர்த் தரப்புக்கு ஒரு கட்டணம், அவர்கள் வக்கீலுக்கு ஒரு கட்டணம். இரண்டையும் தம்பிதான் கட்டினான்.

நீ ஏன் இன்னும் மீட்கவில்லை என்று அவன் என்னைக் கேட்டான். மீட்கலாம்தான். முதலில் ஆறில் ஒரு பங்கு என்னுடையது என்று அரசுத் துறையிடம் பிரித்து வாங்கி, பிறகு அந்தப் பங்கைத் தீர்க்க வேண்டும். படிவத்தைப் பாதிவரை நிரப்பியும் வைத்திருந்தேன். அந்த நேரம் பார்த்து முதல் வீட்டுத் தம்பதி மாடியறையைச் சீர்செய்யும்போது அந்த மூதாட்டியின் நோட்டைக் கண்டெடுத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். நீல அட்டை. உள்ளே ஷில்லிங் காலத்துக் கணக்கிலிருந்து தொடங்கி, 1971இல் தசமக் காசு வந்த பக்கத்தில் 17 ஷில்லிங் 6 பென்ஸ் என்பதை அடித்து 87½ என்று திருத்தியிருக்கிறார். ஒவ்வொரு தவணைக்கும் ஆறு கட்டம், ஆறு டிக். சில கட்டங்களில் டிக்குக்குப் பதிலாக 'அடுத்த வாரம்' என்று இருக்கிறது. ஒன்றில் 'வேலை நிறுத்தம், நானே போட்டேன்'.

இப்போது மார்ச்சுக்கும் செப்டம்பருக்கும் ஒரு வாரம் முன்னால் அந்த நோட்டோடு போகிறவன் நான். மூன்றாம் வீட்டு ஏஜென்ட் இப்போது இரண்டே மாதத்தில் அனுப்பிவிடுகிறார். நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில் 2037 வரை கோடு போட்டு வைத்திருக்கிறேன். கடைசித் தவணை 2037 மார்ச் 25. அதற்கும் ஜூலை 22க்கும் நடுவே 119 நாள். அந்த நாட்களுக்கும் கணக்குப் போட்டுக் கேட்பார்களானால் வீட்டுக்கு 1 பவுண்டு 26 பென்ஸ் வருகிறது. அதற்கும் ஆறு கட்டம் வரைந்திருக்கிறேன், பென்சிலால்.